பாப்டிஸ்ட் சபையில் செல்லப்பிராணிகளுக்காக ஜெபிக்க வேண்டுமானால்

போன அக்டோபர் முதல் ஞாயிறு மத்தியானம் எங்கள் சபையின் கார் நிறுத்தும் இடத்துக்குப் பதினேழு நாய்கள், கூடைக்குள் நான்கு பூனைகள், இரண்டு முயல்கள், ஓர் ஆமை எல்லாம் வந்திருந்தன. தெற்கு லண்டனில், குரோய்டன் பக்கம் உள்ள சின்ன பாப்டிஸ்ட் சபை எங்களுடையது. அங்கே நான் டீக்கன், அதாவது சபைக் காரியங்களைக் கவனிக்கிற பொறுப்பாளர்களில் ஒருவர். செல்லப்பிராணிகளுக்காக ஜெபிக்கிற இந்தக் கூடுகையை மூன்று வருஷமாக நடத்துகிறோம். இங்கே பாப்டிஸ்ட் சபைகளுக்குப் போகிற நம்மவர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். "எங்க சபையிலயும் கேக்கறாங்க, இது வேதத்துக்கு ஒத்து வருமா?" என்பது முதல் கேள்வி. "ஒரு நாய் இன்னொண்ணைக் கடிச்சா என்ன பண்றது?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

நடத்தலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம், யார் தீர்மானிக்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்ற மூன்றையும் முதலில் யோசிக்காமல் தேதி குறிக்காதீர்கள்.

இந்த வழக்கம் நம்முடையது அல்ல. கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் சபையாரும் அசிசியின் பிரான்சிஸ் நினைவுநாளான அக்டோபர் 4-ஐ ஒட்டி விலங்குகளை ஆசீர்வதிக்கிறார்கள். ஸ்பெயினில் ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாளில் செய்கிறார்கள். நியூயார்க்கில் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் 1985-லிருந்து நடக்கிறது. நம் ஊரிலும் பொங்கல் சமயத்தில் கத்தோலிக்கக் கோயில்களுக்கு மாடுகளை ஓட்டிவந்து மந்திரித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குருவானவர் இருக்கிறார், தீர்த்தம் இருக்கிறது, புனிதர் இருக்கிறார். நம்மிடம் இந்த மூன்றும் இல்லை. அதனால் பக்கத்துச் சபையின் ஜெபத்தாளை வாங்கி அப்படியே நகல் எடுத்தால் அது நம் சபையில் பொய்யாகத்தான் ஒலிக்கும்.

எங்கள் சபையின் மூத்த டீக்கன் ஜமைக்காவில் பிறந்தவர், எண்பது வயதைத் தாண்டியவர். அவர்தான் முதலில் எதிர்த்தார். "கர்த்தர் நமக்குக் கொடுத்த கட்டளைகள் இரண்டே இரண்டு. ஞானஸ்நானமும் அவருடைய பந்தியும். மூன்றாவதாக ஒன்றை நாம் உண்டாக்கக் கூடாது. இன்றைக்கு நாய்க்குத் தண்ணீர் தெளிப்பீர்கள், நாளைக்கு வீட்டுக்கும் காருக்கும் தெளிப்பீர்கள்" என்றார். அவர் நாய் பிடிக்காதவர் அல்ல. குழந்தைக்கே தண்ணீர் தெளிக்க மாட்டோம் என்று சொல்லி, அதற்காகச் சிறைக்குப் போன முன்னோர்களின் வழிவந்த சபை நம்முடையது. விசுவாசித்தவர்தான் முழுகி ஞானஸ்நானம் எடுக்க முடியும் என்று சொல்கிற நாம், விசுவாசிக்கவே முடியாத ஓர் உயிரை முன்னால் நிறுத்தி அதன் தலையில் எதையாவது தெளித்தால், பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்? இதுதான் அவருடைய கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் சபையிலும் இதைக் கேட்கிறவர் இருப்பார். தயவுசெய்து அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் கூடுகை இன்று ஒழுங்காக நடப்பதே அவர் கேட்ட கேள்விகளால்தான்.

அவருக்குப் பதில் தேடிப் போனபோது எனக்கு உதவியது நம் தமிழ் வேதாகமம். ஐந்து அப்பம் இரண்டு மீன் சம்பவத்தை மத்தேயு 14-லும் யோவான் 6-லும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மத்தேயுவில் இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்து "ஆசீர்வதித்து" அப்பத்தைப் பிட்டார். யோவானில் அதே அப்பத்தை எடுத்து "ஸ்தோத்திரம்பண்ணி" கொடுத்தார். செயல் ஒன்றுதான், சொல் இரண்டு. ஆக, ஆசீர்வதிப்பது என்றால் நம் கையிலிருந்து ஏதோ ஒரு சக்தியை ஒன்றின்மேல் இறக்கிவைப்பது என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கொடுத்தவருக்கு நன்றி சொல்வதும் அதற்குள் இருக்கிறது. இன்னொன்று, ஆதியாகமம் 1:22. மனுஷனை உண்டாக்கு முன்பே, மீனையும் பறவையையும் பார்த்து தேவன் "அவைகளை ஆசீர்வதித்து" பலுகிப் பெருகச் சொல்லிவிட்டார். அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஆசீர்வாதத்தை நாம் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. நாம் செய்ய வேண்டியவை இரண்டு: அதற்காக நன்றி சொல்வது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிரைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுப்பது.

அதனால்தான் அறிவிப்பில் 'ஆசீர்வாத ஆராதனை' என்று நாங்கள் போடுவதில்லை. 'செல்லப்பிராணிகளுக்காக நன்றி ஜெபம்' என்று போடுகிறோம். தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் பதிலாகவும் இல்லை. காலை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் ஒன்றரைக்கு. இந்த மாற்றங்களை எழுதிக்கொண்டு போனபின் மூத்த டீக்கன், "இதற்கு நான் ஆமென் சொல்வேன்" என்றார். இப்போது சங்கீதம் வாசிப்பவர் அவர்தான்.

இதைச் சொல்லும்போது என் அப்பாயி ஞாபகம் வருகிறது. நான் பிறந்தது சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். இங்கிலாந்திலிருந்து வந்து கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஊரே பட்டிப் பொங்கல் வைக்கும் நாளில் அப்பாயி அதில் கலந்துகொள்ளாது. ஆனால் அன்றைக்கு விடியக்காலம் எங்கள் இரண்டு மாட்டையும் தேய்த்துக் குளிப்பாட்டி, புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூடுதலாக வைத்து, ஏர்க்கலப்பையைத் தொட விடாது. மாட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "வாயில்லா ஜீவனுங்க, சாமி. எங்க கை தவறாம பாத்துக்கோணும்" என்று ஜெபிக்கும். மாட்டுக்கு ஏதாவது கொடு என்று கேட்காது. 'எங்க கை தவறாம' என்றுதான் கேட்கும். நாங்கள் இங்கே செய்கிற ஜெபத்தின் முழுப்பொருளும் அதில் இருக்கிறது. அப்பா கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவர். போனில் இந்தக் கூடுகையைப் பற்றிச் சொன்னபோது, "நெசமாவா கண்ணு, நாய்க்கு சர்ச்சுல ஜெபமா?" என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அப்பாயி செஞ்சதுதான" என்றார்.

இனி காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் சபைக் கூட்டம். நமக்கு பிஷப் கிடையாது, மேலிடத்து உத்தரவு கிடையாது. பாஸ்டர் விரும்பினாலும், டீக்கன்கள் விரும்பினாலும், உறுப்பினர்கள் கூடி ஜெபித்துத் தீர்மானிக்காமல் செய்யக் கூடாது. பிரிட்டன் பாப்டிஸ்ட் யூனியனின் கொள்கைப் பிரகடனமே, கிறிஸ்துவின் சட்டங்களைப் பரிசுத்த ஆவியின் நடத்துதலில் அறிந்து நிறைவேற்றும் சுதந்தரம் ஒவ்வொரு சபைக்கும் உண்டு என்கிறது. சுதந்தரம் சபைக்குத்தான், ஆர்வமாக இருக்கிற நாலு பேருக்கு அல்ல. அக்டோபரில் நடத்த வேண்டுமானால் வசந்தகாலக் கூட்டத்திலேயே பேச்சை எடுங்கள், முடிவைக் கோடைகாலக் கூட்டத்துக்கு விடுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் எதிர்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய் டீ குடித்துப் பேசுங்கள். பாதிப் பேர் வேண்டாம் என்றால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள். நாய்க்காகச் சபை பிரியக் கூடாது.

வசனங்கள் கேட்பார்கள். நான் கையில் வைத்திருப்பவை: "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்கிற நீதிமொழிகள் 12:10. "கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்கிற சங்கீதம் 36:6. ஓய்வுநாள் கட்டளையில் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு. நோவாவோடு செய்த உடன்படிக்கையில் பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களும் அடக்கம். யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தில், நினிவே பட்டணத்துக்காகப் பரிதபிக்கிற தேவன் "அநேக மிருகஜீவன்களும்" அங்கே இருப்பதைச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பெயருக்கு லண்டன் பாப்டிஸ்ட்களிடம் தனி மரியாதை உண்டு. ஒருவனுடைய நாயும் பூனையும் அவனால் நன்மை அடையவில்லை என்றால் அவன் மெய்க்கிறிஸ்தவன் அல்ல என்று அவருக்கு முந்தின பிரசங்கியார் ரோலண்ட் ஹில் சொன்னதை அவர் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். நாய் பரலோகத்துக்குப் போகுமா என்ற வாதத்துக்குள் மட்டும் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வேதம் நேராகச் சொல்லாததை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இடம். திறந்த வெளிதான் நல்லது. நாங்கள் முதல் வருஷம் செய்த தவறு இது: அன்று காலை அறுவடைப் பண்டிகை. மேடைக்கு முன்னால் திராட்சைக் குலைகள், வெங்காயம், உலர்திராட்சை போட்ட ரொட்டி எல்லாம் பரப்பி வைத்திருந்தோம். மத்தியானம் மழை தூறவே எல்லாரையும் உள்ளே வரச் சொன்னோம். பாட்டுப் பாடி முடிப்பதற்குள் ஒரு லேப்ரடார் மேசை நுனியிலிருந்த திராட்சைக் குலையை விழுங்கிவிட்டது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு உயிர் போகும். நாயின் சொந்தக்காரப் பெண் அழுதுகொண்டே அவசர விலங்கு மருத்துவமனைக்கு ஓடினார். வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி, பிழைத்தது. செலவைச் சபை ஏற்றுக்கொண்டது. ஜெபிக்க வரச் சொல்லி விஷத்தை முன்னால் வைத்தோமே என்று அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

ஆகவே அறுவடைப் பண்டிகையையும் இந்தக் கூடுகையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் மேசையை முழுக்கக் காலி செய்து, தரையைப் பெருக்கிவிட்டு அப்புறம் கதவைத் திறங்கள். பூ ஜாடிகளையும் பாருங்கள். லில்லிப் பூ பூனைக்கு எமன். இலையையோ பூவையோ தின்றால்தான் ஆபத்து என்று இல்லை. உடம்பில் ஒட்டின மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். வெளியே என்றால் குதிரைச் செஸ்ட்நட் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபரில் அதன் பளபளப்பான காய்கள் தரையெல்லாம் கிடக்கும். நாய் விழுங்கினால் வாந்தியும் குடல் அடைப்பும் வரும். எங்கள் வாலிபர் கூட்டம் காலையிலேயே ஒரு வாளியில் பொறுக்கி எடுத்துவிடும். டீக்கும் பிஸ்கட்டுக்கும் மேசை போடுவீர்கள். சாக்லேட் வேண்டாம், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த எதுவும் வேண்டாம். ஞானஸ்நானத் தொட்டி நிரம்பியிருந்தால் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சபையின் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். இங்கிலாந்தில் எக்ஸ்எல் புல்லி என்ற தடைசெய்யப்பட்ட நாய் வகைக்கு 2024 பிப்ரவரியிலிருந்து விலக்குச் சான்றிதழ் வேண்டும். பொது இடத்தில் வாய்க்கூடும் வாரும் கட்டாயம். அறிவிப்பிலேயே இதைப் போட்டுவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் வராது.

எந்தப் பிராணி வரலாம்? நாய் எல்லாம் குட்டையான வாரில். நீளும் வார் வேண்டாம், அதுதான் கால்களைச் சுற்றி ஆளை விழவைக்கும். பூனையைக் கூடையில்தான் கொண்டுவர வேண்டும், கூடையின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். முயலையும் வெள்ளெலியையும் நாய்களிலிருந்து தள்ளி, கட்டடத்தின் மறுபக்கம் வையுங்கள். நாயின் வாசம் பட்டாலே அவை நடுங்கும். ஆமை, பல்லி வகைகளைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி ஒட்டும். கோழி, வாத்து வேண்டாம், பறவைக் காய்ச்சல் பயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், பூனைக்கும் எலிக்கும் ஒரு போட்டோ போதும். பயந்த ஜீவனை இழுத்துவந்து அதன் நன்மைக்காக ஜெபிப்பதில் அர்த்தம் இல்லை. நாங்கள் ஒரு கயிறு கட்டி, துணிக் கிளிப்புகள் வைத்திருக்கிறோம். போட்டோக்களை அதில் மாட்டலாம்.

நாய்க்கும் நாய்க்கும் நடுவில் இரண்டு மீட்டர். நான் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிடுகிறேன், ஒரு குடும்பத்துக்கு ஒரு வட்டம். கோலம் போட்டுப் பழகின கைக்கு இது பத்து நிமிஷ வேலை. ஒரு நாய் உறும ஆரம்பித்தால் அதட்ட வேண்டாம். சொந்தக்காரரைத் தெருப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள், ஜெபம் அங்கே போய்ச் சேரும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் அனுப்புங்கள். இந்த நாட்டு நாய்களுக்கு வெறிநோய் இல்லை என்றாலும் சீழ் பிடிக்கும்.

கூடுகை இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பாட்டு, கைதட்டல் இல்லாமல், மைக் இல்லாமல். சங்கீதம் 104-லிருந்து கொஞ்சம். பாஸ்டர் ஐந்து நிமிஷம் பேசுவார். பிறகு பாஸ்டரும் இரண்டு டீக்கன்களும் வட்டம் வட்டமாகப் போவோம். பிராணியின் பெயரைக் கேட்போம். கையை அதன் தலையில் வைப்பது சொந்தக்காரர்தான், நாங்கள் அல்ல. எங்கள் மூத்த டீக்கன் கேட்டுக்கொண்டபடி வைத்த ஒழுங்கு இது. நாங்கள் பக்கத்தில் நின்று ஜெபிக்கிறோம். தமிழ்க் குடும்பங்களுக்கு நான் இப்படிச் சொல்கிறேன்:

"ஆண்டவரே, இந்த டைகரை உண்டாக்கினவர் நீர். இந்த வீட்டுக்கு இவனால் வந்த சந்தோஷத்துக்காக ஸ்தோத்திரம். இவனுக்கு வேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கவும், நோயில் கவனிக்கவும், வயதாகும்போது கைவிடாமல் இருக்கவும் இவர்களுக்குப் பொறுமையைத் தாரும். இவன் போகிற நாளில் இவர்களைத் தேற்றும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

சொந்தக்காரர் 'ஆமென்' சொன்னால் அதுவே அவர் கொடுக்கிற வாக்கு. கைவிடாமல் இருப்பதைப் பற்றிய அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது, குழந்தை பிறக்கும்போது நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

போன வருஷம் கடைசி வட்டத்தில் ஒரு பெரியவர் தனியாக நின்றார். எங்கள் சபைக்காரர் அல்ல, அடுத்த தெருக்காரர். நாய் இல்லை, கூடை இல்லை. கையை விரித்துக் காட்டினார். சிவப்பு வார்ப்பட்டை ஒன்று, அதில் பட்டாணி அளவு மணி. பூனை செவ்வாய்க்கிழமை செத்துப்போய்விட்டது. மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு இருந்தது அது ஒன்றுதான். "ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டேன், அதனால் வந்தேன்" என்றார். என்ன ஜெபிப்பது என்று பாஸ்டருக்குச் சட்டென்று வரவில்லை. பிறகு, அந்தப் பூனையின் பெயரைச் சொல்லி, அது இருந்த பதினான்கு வருஷத்துக்காக நன்றி சொன்னார். அடைக்கலான் குருவி ஒன்று தரையில் விழுவதும் பிதாவுக்குத் தெரியும் என்ற வசனத்தைச் சொன்னார். பெரியவர் ஆமென் சொல்லவில்லை. மணி மட்டும் மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது, கை நடுங்கியதால். உங்கள் ஏற்பாட்டில் இப்படி வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் டம்ளர், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்கட்டும். அந்த வேலைக்குப் பேச்சு குறைந்தவரைப் பாருங்கள்.

முடிந்தபின் துப்புரவு. எங்கள் ஹாலில் மூன்றரை மணிக்குத் தமிழ் ஐக்கியம் கூடுகிறது. தரையில் உட்கார்ந்து ஜெபிக்கிற அம்மாமார்களும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் வருவார்கள். அவர்களில் பலருக்கு நாய் என்றாலே பயம், ஊரில் தெருநாய் துரத்தின பயம். ஒரு வாரம் முன்பே அவர்களிடம் சொல்லி, பக்கவாட்டு வாசலைத் திறந்துவைத்து, ஒரு நாய்கூட ஹாலுக்குள் வராது என்று உறுதி கொடுக்கிறோம். பார்வையற்றவர் போன்ற மாற்றுத்திறனாளிகளோடு வரும் உதவி நாய் மட்டும் விலக்கு, அதைத் தடுக்கச் சட்டம் விடாது. வெளியே கழிவுப் பைகளைக் கட்டிக் குப்பையில் போட்டு, தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி, சாக்கட்டி வட்டங்களை ஒரு வாளித் தண்ணீரில் அழித்துவிட்டு மூன்று மணிக்குள் கேட்டைப் பூட்டுகிறோம்.

வந்தவர்களிடம் ஒரு தாளில் பெயரும் போன் எண்ணும், விருப்பப்பட்டால் மட்டும், வாங்கிவைக்கிறோம். புதன்கிழமை சாயங்காலம் நானும் மூத்த டீக்கனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பேசுவோம். அந்தப் பெரியவருக்கு அவர்தான் முதலில் போன் போட்டார்.